உழவு மெசினுக்கு கம்பனி ஒயிலா, மாற்று ஒயிலா: கேனை வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பெரும்போகம் தொடங்கப் போகிறது என்றால் தம்பலகாமம், கந்தளாய், முள்ளிப்பொத்தானைப் பக்கம் எந்த உதிரிப்பாகக் கடையிலும் ஒரே கேள்விதான். கியர் பொக்ஸுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஊற்ற மெசின் கம்பனியின் பெயர் போட்ட கேனையே வாங்குவதா, பக்கத்தில் விலை குறைவாக நிற்கும் மற்றக் கேனை வாங்குவதா? முப்பது லீற்றருக்கு மேல் குடிக்கும் மெசினுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. என்னிடம் இரண்டு மெசின் ஓடுகிறது. ஒன்று பழைய மாஸி பெர்குசன் 240, மற்றது குபோட்டா. சொந்த வயலுக்கும் கூலி உழவுக்கும் இரண்டும் போகும். இரண்டிலும் கம்பனி ஒயிலும் ஓடியிருக்கிறது, மாற்று ஒயிலும் ஓடியிருக்கிறது, அதனால் நான் பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கேனின் முன்பக்கப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தர எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அந்த எண் உங்கள் மெசின் புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு பொருந்தி, ஒயிலைச் செய்தவன் யார் என்றும் தெரிந்தால் மாற்று ஒயில் தாராளமாகப் போதும். எண்ணே இல்லாமல் "எல்லா மெசினுக்கும் ஏற்றது" என்று மட்டும் எழுதிய வாளி என்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

ஏன் இந்த ஒயிலுக்கு மட்டும் இவ்வளவு கவனம் என்று சிலர் கேட்கிறார்கள். என்ஜின் ஒயிலுக்கு என்ஜின் ஒன்றுதான் வேலை. இந்த ஒயிலின் பாடு வேறு. கியர் பற்களுக்கு நடுவே நசுங்க வேண்டும், பின்னச்சில் டிபரன்ஷலைக் காக்க வேண்டும், அதே ஒயில்தான் ஹைட்ரோலிக் பம்புக்குள் போய் ரொட்டவேட்டரைத் தூக்க வேண்டும், புது மெசின்களில் பிரேக் தட்டுகளுக்கும் பி.ரி.ஓ. (ரொட்டவேட்டரைச் சுழற்றும் பின்தண்டு) கிளச்சுக்கும் நடுவே நின்று அவை வழுக்காமலும் அலறாமலும் பிடிக்க உதவ வேண்டும். இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. கியருக்கு நல்லாய் வழுக்க வேண்டும், பிரேக்குக்கு அளவோடு பிடிக்க வேண்டும், பம்புக்கு நுரை வரக்கூடாது. இதையெல்லாம் ஒரே ஒயிலில் கொண்டுவருவதற்காகத்தான் யூ.ரி.ரி.ஓ. (UTTO) என்ற வகையே இருக்கிறது. கேனில் அந்த நாலு எழுத்தோ உங்கள் மெசின் புத்தகம் சொல்லும் தர எண்ணோ இல்லையென்றால் அது வேறு ஏதோ வேலைக்குச் செய்த ஒயில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். லேண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை, அதில் ஹைட்ரோலிக் இல்லை, புத்தகம் சொல்லும் கியர் ஒயிலோடு முடிந்தது.

நம்முடைய பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு மாற்று ஒயில் ஊற்றுவது இல்லை, வேறு வகை ஒயில் ஊற்றுவது. எனக்கு உறவு முறையில் அண்ணன் ஒருவர், மூதூர்ப் பக்கம் வயல் செய்கிறார். அவருடைய மெசினுக்கு ஒரு கராஜில் ஐ.எஸ்.ஓ. 68 ஹைட்ரோலிக் ஒயிலை நிரப்பி அனுப்பிவிட்டார்கள். "ஹைட்ரோலிக்குக்குத்தானே ஊற்றுகிறோம், ஹைட்ரோலிக் ஒயில் போதும்" என்று அவர்கள் சொன்னது. கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். அந்த ஒயில் ஜே.சி.பி. போன்ற இயந்திரங்களின் ஹைட்ரோலிக்குக்கு நல்ல ஒயில், தடிப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கியர் பற்களின் அழுத்தத்தைத் தாங்கும் சேர்மானமும் அதில் தேவையான அளவு இல்லை, ஒயிலுக்குள் கிடக்கும் பிரேக்குக்கு வேண்டிய சேர்மானமும் இல்லை. கொஞ்ச நாளில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின்பக்கம் இருந்து ஒரு உறுமல். அண்ணன் பிரேக் தட்டு தேய்ந்துவிட்டது என்று பயந்து கழற்றப் பார்த்தார். ஒயிலை முழுக்க வடித்து, பில்ட்டரையும் மாற்றி, புத்தகத்தில் சொன்ன வகை ஊற்றிய பிறகு சத்தம் படிப்படியாகக் குறைந்து நின்றது. அவர் ஊற்றியது கம்பனி ஒயில் இல்லை, அதே தர எண் உள்ள மாற்று ஒயில்தான்.

சரி, எந்த எண்ணைப் பார்ப்பது? ஜோன் டியர் வைத்திருப்பவர்கள் தேட வேண்டியது ஜே20சி. ஜே20டி என்றும் ஒன்று இருக்கிறது, அது குளிர் நாடுகளுக்கான மெல்லிய ஒயில். பங்குனி தாண்டினால் கொளுத்தும் வெயிலும், அதோடு கச்சான் காற்றும் அடிக்கிற திருகோணமலைக்கு அது தேவையே இல்லை. மாஸி பெர்குசனுக்கு எம்1135, எம்1143, எம்1145 என்று காலத்துக்குக் காலம் எண் ஏறிக்கொண்டு வந்திருக்கிறது, உங்கள் மெசினின் வருடத்துக்கு எது என்று புத்தகத்தில் இருக்கும். குபோட்டாக்காரர் யூ.டி.ரி. அல்லது சூப்பர் யூ.டி.ரி. என்பார்கள். போர்ட், நியூ ஹொலண்ட் என்றால் எம்2சி134டி. நல்ல மாற்று ஒயில் கேனின் பின்னால் இவற்றில் பல ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சடித்திருக்கும், தடிப்பு 10டபிள்யூ-30 அல்லது 80டபிள்யூ என்றும், கியருக்கான தரம் ஜி.எல்-4 என்றும் இருக்கும். ஜி.எல்-5 என்றிருந்தால் நிறுத்தி யோசியுங்கள். அது லொறி டிபரன்ஷலுக்கான கடும் ஒயில், அதில் உள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் பித்தளைப் புஷ்களை அரிக்கக்கூடும், நம்முடைய பழைய மெசின்களில் பித்தளையும் வெண்கலமும் நிறைய.

எண்ணைக் கண்டவுடனும் நம்பிவிட வேண்டாம், அதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். "அப்ரூவ்ட்" என்றால் மெசின் கம்பனி சோதித்து ஒத்துக்கொண்டது. "மீட்ஸ்" என்றால் அந்தத் தரத்தை எட்டுகிறது என்று ஒயில் கம்பனி தன் பொறுப்பில் சொல்கிறது. "சூட்டபிள் ஃபோர்" என்றால் ஊற்றலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய ஒயில் கம்பனி "மீட்ஸ்" என்று சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் அவர்கள் தரவுத்தாளும் வெளியிடுகிறார்கள், பிரச்சினை வந்தால் போய்க் கேட்க ஒரு முகவரியும் இருக்கிறது. விலாசமே இல்லாத வாளியில் அதே சொல் இருந்தால் அதற்கு மதிப்பு இல்லை.

எண்ணை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜோன் டியரின் பழைய தரம் ஒன்று இருந்தது, பெயர் 303. அந்த நாளில் பிரேக்குக்கு வேண்டிய வழுக்கலைக் கொடுக்க அதில் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள், எண்ணெய்த் திமிங்கிலம் என்று சொல்கிற இனத்தின் எண்ணெய், நம்முடைய திருகோணமலைக் கடலில் வெளிநாட்டுக்காரர் வள்ளம் பிடித்துப் போய்ப் பார்க்கிற அதே பெரிய உயிர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்த எண்ணெய்க்குத் தடை வந்தது, 303 என்ற தரமும் அந்தப் பத்தாண்டிலேயே வழக்கொழிந்தது. ஆனால் பெயர் மட்டும் சாகவில்லை. யாரும் காக்காத பழைய பெயர் என்பதால் எந்த ஒயிலையும் வாளியில் ஊற்றி 303 என்று எழுதி மலிவாக விற்க முடிந்தது, விவசாயிகளும் வருடக்கணக்காக வாங்கினார்கள். கடைசியில் 2017இல் மிசூரி மாநில விவசாயத் திணைக்களம் அந்த விற்பனையைத் தடை செய்தது, பிறகு வழக்குகளும் வந்தன. அங்கே அவ்வளவு சட்டமும் சோதனைக்கூடமும் இருந்தே இத்தனை வருடம் ஓடியிருக்கிறது என்றால், இங்கே கந்தளாய்ச் சந்தியில் நிற்கும் நமக்கு நம்முடைய கண்தான் காவல்.

இனி நான் ஊற்றிப் பார்த்தவை.

முதலில் கம்பனி ஒயில். குபோட்டாவுக்கு முதலில் இருந்து அதைத்தான் ஊற்றினேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரேக் சத்தமில்லை, சேற்றில் ரொட்டவேட்டரைத் தூக்கும்போது தயக்கமில்லை, நாள் முழுக்க வேலை செய்து சூடேறிய பிறகும் தூக்கும் வேகம் குறையவில்லை. விலைதான் நெஞ்சை அடைக்கிறது. இன்னொரு தொல்லை, சீசனில் கேட்டால் "கொழும்பிலிருந்து வரவேண்டும், இரண்டு நாள் பொறுங்கள்" என்பார்கள். தண்ணீர் திறந்துவிட்ட பிறகு இரண்டு நாள் பொறுக்க முடியுமா? ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், மெசின் கம்பனிகள் பொதுவாகத் தாங்களே ஒயில் செய்வதில்லை. செய்முறையையும் தரத்தையும் தீர்மானித்து, ஒயில் கம்பனியிடம் கொடுத்துக் கலக்கச் செய்து தங்கள் பெயரை ஒட்டுகிறார்கள். அதனால் அந்தக் கேனுக்குள் வேறு யாராலும் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் சரியில்லை. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது நிச்சயம். எண் தேடத் தேவையில்லை, சந்தேகம் இல்லை. வாரண்டி இருக்கும் மெசினுக்கு அந்த நிச்சயம் பணம் பெறும்.

இரண்டாவது, பெயருள்ள ஒயில் கம்பனியின் யூ.ரி.ரி.ஓ. கடையில் கல்டெக்ஸ், சேர்வோ, மொபில், கெஸ்ட்ரோல் என்று எது கைக்கு வருகிறதோ அதில் எண் பார்த்து எடுக்கலாம். சேர்வோ என்றால் நம்மவர் பலருக்கு இந்திய ஒயில் என்றுதான் நினைப்பு, ஆனால் லங்கா ஐ.ஓ.சி. ஒயில் கலக்கும் ஆலை இங்கேயே, திருகோணமலையில், எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற அதே ஊரில் இருக்கிறது. ஊர்ப் பாசத்துக்காக யாரும் ஒயில் ஊற்றவேண்டியதில்லை, அதற்கும் எண் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான் இந்த வகை ஒயிலை முதலில் மாஸியில் ஊற்றினேன், பிறகு வாரண்டி முடிந்ததும் குபோட்டாவிலும் ஊற்றினேன். மாஸியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. குபோட்டாவில் ஊற்றிய முதல் நாட்களில் பிரேக்கைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன், சத்தம் இல்லை. பெரும்போகம் முழுக்கச் சேற்றுழவு, பிறகு பெட்டி பூட்டி நெல் மூட்டை ஏற்றி ஓட்டம், எல்லாம் முடித்து வடித்துப் பார்த்தபோது நிறம் கறுத்திருந்தது, மணம் எரிந்த மாதிரி இல்லை, காந்தப் பிளக்கில் மெல்லிய சாம்பல் போன்ற தூள் மட்டும். அது வழக்கமானது. விலை கம்பனி ஒயிலில் முக்கால் பங்கு மட்டில் வந்தது. என் பணத்தை நான் இப்போது இதில்தான் போடுகிறேன்.

மூன்றாவது, பெயரில்லாத வாளி. விலை பாதி. கடைக்கார நானா நல்ல மனுஷன், "தம்பி, இதுதான் நிறையப் போகுது, ஆனா உங்கட குபோட்டாவுக்கு நான் தரமாட்டேன்" என்று அவரே சொன்னார். மாஸிக்கும் நான் எடுக்கவில்லை. பக்கத்து வயல்காரர் அதை ஊற்றியிருந்தார், வடிக்கும்போது பார்த்தேன், பால்தேத்தண்ணி நிறம். தண்ணீர் புகுந்தது ஒயிலின் குற்றம் இல்லை, அச்சுச் சீல் போயிருந்தது. ஆனால் நல்ல யூ.ரி.ரி.ஓ.வில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் சேர்மானங்கள் பிரிந்து படியாமல் நிற்க வேண்டும் என்பது தரச் சோதனையிலேயே ஒன்று. இதில் அடியில் கஞ்சி மாதிரி ஒன்று தங்கி ஹைட்ரோலிக் வடிகட்டியை அடைத்துவிட்டிருந்தது. கலப்பை பாதிக்கு மேல் எழும்பாமல் அவர் பட்ட பாடு அதனால்தான்.

பரலில் இருந்து அளந்து ஊற்றும் ஒயிலையும் இதோடே சேர்த்துவிடுங்கள். பரலின் மேல் நல்ல பெயர் இருக்கலாம், உள்ளே முதல் தடவை வந்த ஒயில்தானா என்று யாருக்குத் தெரியும். சீல் உடையாத கேன், மூடியின் வளையம், தொகுதி எண், செய்த திகதி, இந்த நாலையும் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். போலி ஒயில் நிரப்புபவர்களுக்கு வெறும் கேன் தேவை, அதனால் வேலை முடிந்த கேனின் லேபிளைக் கிழித்துவிட்டு மூடியையும் வெட்டிப் போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகம் எழுதினவர்கள் பெரும்பாலும் காய்ந்த நிலத்தை நினைத்து எழுதியிருப்பார்கள். நாம் இரும்புச் சில்லைப் போட்டு அச்சு மட்டத்துக்குச் சேற்றில் இறக்குகிறோம். நாள் முழுக்கச் சூடேறிய ஹவுசிங் சேற்றுத் தண்ணீரில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அப்போது தேய்ந்த சீல் வழியாகவும் அடைபட்ட மூச்சுக்குழாய் இருந்தால் வேறு வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுக்கும். மூச்சுக்குழாய் என்பது கியர் பொக்ஸின் மேல் இருக்கும் சின்ன மூடி, பலர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். சேறு காய்ந்து அது அடைபட்டால் எந்த விலை ஒயிலும் உங்களைக் காப்பாற்றாது. சேற்றுழவு சீசனில் டிப் ஸ்டிக்கை அடிக்கடி இழுத்துப் பாருங்கள். மங்கலாய்த் தெரிந்தால் அடி பிளக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இரவு முழுக்க நின்ற மெசின் என்றால் தண்ணீர் முதலில் வரும். இன்னும் சந்தேகம் என்றால் சூடான தட்டில் ஒரு துளி விடுங்கள், சடசட என்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. அப்படியான ஒயிலை மணித்தியாலக் கணக்கு வரவில்லை என்று வைத்திருக்க வேண்டாம். புத்தகத்தில் ஆயிரம் மணித்தியாலம் என்று இருக்கலாம், சேற்றில் கிடந்த மெசினுக்கு அந்தக் கணக்கு செல்லாது. என்னைக் கேட்டால், விலை கூடின ஒயிலை வாங்கிவிட்டு "காசு போட்டாயிற்று" என்று மூன்று போகம் ஓட்டுவதைவிட, தர எண் பொருந்தும் மாற்று ஒயிலை வாங்கி நேரத்துக்கு மாற்றுவது மெசினுக்கு எத்தனையோ நல்லது. கம்பனி ஒயிலுக்காகக் கொடுக்க இருந்த மிச்சப் பணத்தில் ஒரிஜினல் பில்ட்டர் ஒன்றும் அச்சுச் சீல் ஒரு சோடியும் வாங்குங்கள். பில்ட்டரில் மட்டும் நான் மாற்று தேடுவதில்லை.

உங்கள் மெசினுக்கு எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்பது ஒரே விஷயத்தில் இருக்கிறது: பிரேக் ஒயிலுக்குள் கிடக்கிறதா, வெளியே காய்ந்து கிடக்கிறதா. என்னுடைய மாஸியில் பின்சில்லுக்குள் டிரம் பிரேக், ஒயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, சீல் நல்லாய் இருக்கும்வரை. அதனால் கியரும் பம்பும் திருப்தியாய் இருந்தால் போதும், அது பொறுத்துக்கொள்ளும். குபோட்டா போன்ற மெசின்களில் பிரேக் தட்டுகள் ஒயிலுக்குள்ளேயே. நம்முடைய சின்ன வரவைகளில் மூலைக்கு மூலை ஒரு பக்கப் பிரேக்கை மிதித்துத்தான் திருப்புகிறோம், ஒரு ஏக்கர் உழுவதற்குள் எத்தனை மிதி என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பிரேக்குக்கு ஒயில் பிழைத்தால் முதலில் சத்தம், பிறகு பிடிப்புக் குறைவு, பிறகு பின்னச்சைப் பிரித்துத் தட்டு மாற்றும் செலவு. அதற்குக் கராஜில் கேட்கிற தொகையில் கம்பனி ஒயிலே எத்தனையோ கேன் வாங்கலாம். இந்த வகை மெசினுக்கு எண் பொருந்தாத ஒயிலை அவசரத்துக்கும் ஊற்ற வேண்டாம்.

வகை மாற்றும்போது பழையதை முழுக்க எடுக்கப் பாருங்கள். வேலை முடிந்து சூடாய் இருக்கும்போதே வடியுங்கள், எல்லா பிளக்கையும் கழற்றுங்கள், பின்சில்லுப் பக்கத்து ஹவுசிங்குகளுக்குத் தனி பிளக் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். தூக்கும் கையைக் கீழே இறக்கிவிட்டு வடித்தால் சிலிண்டருக்குள் நிற்பதும் வரும். புது ஒயில் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, கையை நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, நிறுத்திய பிறகு மட்டத்தைத் திரும்பப் பாருங்கள், கட்டாயம் குறைந்திருக்கும். அப்புறம் வடித்த ஒயிலை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம், அந்த வாய்க்கால் தண்ணீர்தான் அடுத்த வயலுக்குப் போகிறது. என்ஜின் ஒயில் மிச்சம் கிடக்கிறது என்று மட்டம் நிரப்ப அதை விடுவதும் வேண்டாம், அதில் உள்ள கழுவும் சேர்மானம் தண்ணீரை ஒயிலோடு கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ளும், அடியில் இறங்கவிடாது.

இந்தப் பெரும்போகத்துக்கு நான் வாங்கி வைத்திருப்பது இரண்டு மெசினுக்கும் பொருந்தும் எண்கள் இருக்கிற ஒரே யூ.ரி.ரி.ஓ., இருபது லீற்றர் கேன்களாக, பில்லில் தொகுதி எண்ணையும் எழுதி வாங்கினேன். நீங்களும் வாங்குவதானால் புரட்டாதிக்குள் வாங்குங்கள். முதல் மழை விழுந்து எல்லாரும் கடைக்கு ஓடும் நேரம் நல்ல கேன்கள் முடிந்து, பெயரில்லாத வாளிகள்தான் முன்வரிசையில் நிற்கும்.